படைத்த மாத்திரை

மரக்காணம் உப்பளத்திலேயே, ஏன் இந்தக் கடற்கரை முழுக்கவே, கலப்படமில்லாத உடம்பு தன்னுடையது ஒன்றுதான் என்று கன்னியப்பன் அறிவித்தார். அறிவித்தபோது அவர் கண்கள் இரண்டும் மஞ்சள் கரைத்து ஊற்றியது போல் இருந்தன.

"பெரிப்பா, நெசத்த சொல்லுங்க. தெனம் குடியா?" என்றாள் மேரிசெல்வி. வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பது அவள் வேலை.

"டீ, காப்பியத் தவிர ஒண்ணும் தொட்டதில்ல."

ரத்தம் சோதித்த டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். குடி இல்லை, காமாலைக் கிருமியும் இல்லை. ஊரே சாதாரணமாகப் போடுகிற ஏதோ ஒரு மாத்திரை இவர் ஈரலுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அது எதுவென்று தெரிந்து நிறுத்தாவிட்டால் ஆள் தேறுவது கஷ்டம்.

"அப்ப மாத்திரை ஏதாச்சும்?"

கன்னியப்பன் சிரித்தார். "மாத்திரை முழுங்குறதெல்லாம் ஒரு பொழப்பா? அமுதவல்லியையே கேலி பண்ணுவேன், ஏண்டி, சோறு திங்கிறியா மாத்திரை திங்கிறியான்னு. தலைவலிக்குக்கூட நான் ஒண்ணு போட்டதில்ல."

பொய் சொல்லும் முகமாக இல்லை. மனைவி அமுதவல்லி இறந்து ஒரு மாதம் ஆகிறது. பாத்திகளுக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் அந்த வீட்டில் அவர் பெருமைக்கு 'உம்' கொட்டக்கூட ஆளில்லை.

"பெரிம்மாவுக்குக் குடுத்த பிரஷர் மாத்திரை மீதி இருந்தா குடுங்க, திருப்பிக் குடுத்துடறேன்."

"அது அவளோடது. இருக்கட்டும்," என்றார் சட்டென்று.

மேரிசெல்வி வற்புறுத்தவில்லை. "நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவலாம், பெரிப்பா," என்று எழுந்தாள்.

"இரும்மா. விளக்கு வெக்கிற நேரத்துல வெறும் வயித்தோட போறியே."

மூன்று டம்ளரில் அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்தார். ஒன்றை மனைவியின் படத்துக்கு முன்னால் வைத்தார். தினப்படி பழகிய கை, பக்கத்திலேயே ஒரு மாத்திரையைப் பிரித்து வைத்தது. கற்பூரம் காட்டி, கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு அந்த மாத்திரையை எடுத்து ஓசைப்படாமல் வாய்க்குக் கொண்டுபோனார்.

மேரிசெல்வி பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"விடும்மா," என்றார் கன்னியப்பன். "படைச்சதத் தூக்கிப் போடக் கூடாது."