வீடு திரும்பும் கோலம்

"வேணாம் சின்னய்யா! அந்த முடி மேல மட்டும் கத்தியை வைக்காதீங்க!"

பதறியவன் வண்டிக்காரன் மச்சேக். நான்கு வருடம் கழித்து ஊர் திரும்பும் யாரோஷை அழைத்துப் போக, வீட்டிலிருந்து வண்டி கொண்டு வந்திருந்தான். இன்னும் ஒரு மணி நேரப் பயணம்தான்.

விடுதி முற்றத்தில் நாவிதர் முன்னால் உட்கார்ந்திருந்த யாரோஷ் சிரித்தான்.

"என் முடி மேல உனக்கென்னடா அவ்வளவு பாசம்?"

"அது வந்து... குளிர்காலம். மொட்டை மண்டைக்கு ஆகாது."

"நம்ம பக்கத்துப் பிரபுக்கள் எல்லாரும் சுத்தி மழிச்சு உச்சியில குடுமி வச்சவங்கதானே? குளிர்ல செத்தா போயிட்டாங்க?"

லூவன், பாரிஸ், பதுவா என்று படிப்புக்காக ஊர் ஊராக அவனோடு சுற்றி வந்த ஆசிரியர் மார்ச்சின், பீரில் காய்ச்சிய கஞ்சியை ஊதியபடி பெருமூச்சு விட்டார்.

"நாலு பாஷை கத்துக் குடுத்தேன். கோட்டை கட்டுற கணக்கு சொல்லிக் குடுத்தேன். கடைசியில உங்கப்பா பாக்கப் போறது தலைமயிரைத்தான்!"

"புறப்பட்ட அன்னிக்கு என்ன சொன்னாரு வாத்தியாரே? 'எங்க வேணா போ, என்ன வேணா படி. பிரெஞ்சுக்காரன் வேஷத்துல மட்டும் வந்து நின்னா, என்னை அப்பான்னு கூப்பிடாதே'ன்னாரு."

பிரெஞ்சு பாணியில் தோளில் புரண்ட அந்தச் சுருள்முடியைப் பாரிஸின் நடன ஆசிரியரே மெச்சியிருக்கிறார். யாரோஷுக்கும் அதன் மேல் கொள்ளை ஆசை. ஆனால் எத்தனையோ அரண்மனைகளில் எத்தனையோ பிரபுக்களைப் பார்த்துவிட்டான். தொங்கு மீசையும் பட்டு இடைக்கச்சையுமாக அப்பா குதிரையேறும் கம்பீரம் ஒருவருக்கும் வரவில்லை.

"அவர் என்னை வாரி அணைச்சுக்கலேன்னா, நான் உலகத்தையே படிச்சு என்ன பிரயோசனம்? நாவிதரே, நீங்க மழிங்க."

மச்சேக் வாயைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டான்.

யாரோஷுக்குத் திக்கென்றது. "அப்பாவுக்கு ஏதாவது...?"

"ஐயையோ! பெரியய்யா கல்லு மாதிரி இருக்காரு. இதுக்கு மேல கேக்காதீங்க, மாதா மேல சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

சுருள்கள் பனியில் உதிர்ந்தன. பாரிஸ் காலுறைகளைக் கழற்றி மூட்டைக்குள் திணித்தான் யாரோஷ். முன்னோர் உடுத்திய நீள அங்கியை மாட்டி, இடையில் கச்சையை இறுக்கினான்.

"அப்பனை உரிச்சு வச்சிருக்கே," என்றார் ஆசிரியர், தன்னை மறந்து. மச்சேக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வண்டி வீட்டு வாசலில் நுழைந்தபோது நாய்கள் படிக்கட்டைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தன. அங்கே பொய்முடியும் சரிகைக் கழுத்துத்துணியுமாக ஒரு பிரெஞ்சு கனவான் நின்றிருந்தார்.

"நம்ம வீட்டுல இப்படி ஒரு விருந்தாளியா? யாருடா அது?"

மச்சேக் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

கனவான் ஒரு காலை முன்னால் நீட்டி, பாரிஸ் முறைப்படி குனிந்து வணங்கினார். பாதியில் வழுக்கித் தூணைப் பிடித்தார். மீசை இல்லாத அந்த முகத்திலிருந்து, போர்க்களத்தை அதிரவைத்த அதே குரல் கொஞ்சம் கூச்சத்தோடு வந்தது:

"வாடா யாரோஷ்! ஒரு வருஷமா ஆள் வச்சுப் பழகியும் இந்தக் கும்பிடு மட்டும் வர மாட்டேங்குது. ஊரெல்லாம் பாத்துட்டு வர்ற புள்ள, அப்பனைப் பாத்து வெக்கப்படக் கூடாதுல்ல?"