பூப் போட்ட வாத்தியார்

"நல்லதா நாலு வார்த்தை பேசிட்டு இறங்கிடு" என்றான் கூடப் படித்த சிவகுமார்.

"நல்லது இருந்தாத்தானே பேசறதுக்கு?" என்றாள் பூங்குழலி.

தேவராஜ மொஹல்லாவில் ஒரு மாடி ஹால். நஞ்சுண்டசாமி வாத்தியாரின் படத்துக்கு மாலை போட்டு, அவரிடம் படித்து மைசூரில் செட்டிலானவர்கள் கூடியிருந்தார்கள். ஹனூர் பக்கத்துக் கிராமத்தில் சயின்ஸ் வாத்தியாராக இருந்தவர். ஒருநாள் திடுதிப்பென்று வேலையை உதறிவிட்டு, அதே ஊர் மாரியம்மன் கோயிலில் பூசாரியாக உட்கார்ந்துவிட்டார். போன மாதம்தான் காலமானார்.

"படத்தைப் பாரேன். நெத்தி நிறைய விபூதி, கையில தட்டு. சாக்பீஸ் பிடிச்ச கையாம் அது!"

"மெதுவா பேசு, மாராயத்தி, மகராசி. முன் வரிசையில அவர் வீட்டம்மா இருக்காங்க."

"கேட்கட்டுமே."

மைக் அவள் கைக்கு வந்தது. பூங்குழலி காலேஜில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் லெக்சரர். மைக் என்றால் அவளுக்குக் கூச்சம் கிடையாது.

"எல்லாரும் சாரைப் புகழ்ந்தீங்க. எனக்கு அவர் ரெண்டு ஆள். முதல் ஆள், மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பைக் கரைச்சு, 'பார்த்தீங்களா, இதுதான் மந்திரவாதி காட்டுற ரத்தம்'னு சொல்லிக் கொடுத்தவர். அந்த ஆளை நான் கும்பிடுவேன். ரெண்டாவது ஆள், அதே மஞ்சள் தண்ணியை வேப்பிலையால தெளிச்சுக் காணிக்கை வாங்கினவர்."

ஹாலில் யாரோ இருமினார்கள். அவள் நிறுத்தவில்லை.

"பூப் போட்டுப் பார்க்கிறது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஒரு பொட்டலத்துல வெள்ளை அரளி, இன்னொண்ணுல சிவப்பு அரளி. அம்மன் காலடியில போட்டு ஒண்ணை எடுக்கணும். வெள்ளை வந்தா சம்மதம், சிவப்பு வந்தா கூடாது. எனக்குப் பதினஞ்சு வயசுல கல்யாணம் பேசி, எங்கப்பா இவர்கிட்டதான் பூக் கேட்டார். சார் என்ன செஞ்சிருக்கணும்? 'படிக்கிற பொண்ணுய்யா, போய்யா'ன்னு துரத்தியிருக்கணும். செய்யலை. பொட்டலம் கட்டி அம்மன் முன்னால போட்டார். எங்கப்பா எடுத்ததுல சிவப்பு வந்துச்சு, நான் தப்பிச்சேன். வெள்ளை வந்திருந்தா? தன் கிளாஸ்ல முதல் மார்க் வாங்கின பொண்ணோட வாழ்க்கையைச் சூதாட்டத்துல வெச்ச மனுஷர் அவர். பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதுதான் அவர் படிச்ச சயின்ஸ்!"

"ஆய்து, ஆய்து, போதும்" என்று சிவகுமார் ஓடி வந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

கூட்டம் முடிந்து காபி கொடுத்தார்கள். யாரும் பூங்குழலி பக்கம் வரவில்லை. வாத்தியாரின் மனைவி தேவம்மா மட்டும் டம்ளரோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏங் கண்ணு, நீ மேக்காட்டு ரத்தினசாமி மவதானே?"

"ஆமாங்க." பூங்குழலி விறைப்பாகவே சொன்னாள். "மனசுல இருந்ததைச் சொன்னேன். பொய்யா புகழ எனக்கு வராது."

"அதுக்கென்ன, ஊரே பேசுனதுதான். நானும் பேசியிருக்கேன். உன்ற கண்ணாலப் பேச்சு எடுத்தப்ப அவரு உங்கொப்பங்கிட்ட நடையா நடந்தது உனக்குத் தெரியுமா?"

"சாரா? எங்க வீட்டுக்கா?"

"ஊட்டுக்கு, காட்டுக்கு, களத்துக்குன்னு போனாரு. புள்ள படிக்கட்டும், இந்த வயசுல கட்டிக் குடுத்தாச் சட்டப்படி குத்தம்னு சொல்லிப் பாத்தாரு. உங்கொப்பன், 'வாத்தியாரு பாடத்தை மட்டும் நடத்துங்க. ஆத்தா பூக் குடுத்தா நான் கட்டிக் குடுப்பேன், எவன் தடுக்கறான் பாக்கலாம்'னுட்டாரு."

பூங்குழலி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்ற மூத்த மச்சாண்டாரு, இவரோட அண்ணன்தான் அப்ப பூசாரி. அவரு செத்து, கோயில் பூட்டிக் கெடந்துச்சு. அடுத்த பாத்தியதை இவருக்குன்னு ஊரே வந்து கூப்புட்டுது. 'அந்தக் கல்லை என்னால கும்புட முடியாது'ன்னு வெரட்டி உட்டவரு, உங்க ஊட்டுல இருந்து திரும்புன கையோட போயி கோயில் சாவிய வாங்கிட்டாரு. வேலைய உட்டாத்தான் பூசையத் தொடலாம்னு ஊர்க்கட்டு. கவர்மெண்டு வேலை! நான் அளுது பொரண்டேன். கேக்கலியே."

பூங்குழலிக்கு இத்தனை வருஷத்துக் கோபம் அவ்வளவு லேசில் இறங்குமா?

"அதெல்லாம் சரிங்கம்மா. அப்படியும் அந்தப் பூவைத்தானே நம்பினார்? எங்கப்பா கை இன்னொரு பொட்டலத்துக்குப் போயிருந்தா?"

தேவம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எடுக்காத பொட்டலத்தை ஆரும் பிரிக்கக் கூடாது, தெய்வ குத்தம்னு சொல்லி மடியில கட்டிக்கிட்டு வந்துருவாரு. ஊட்டுல நான்தான் பிரிச்சுக் கொட்டுவேன். கண்ணால வயசு ஆகாத புள்ளைக்குப் பூக் கேட்ட அன்னைக்கெல்லாம், அதுலயும் செவப்பரளிதான் கண்ணு இருக்கும்."