மூன்றாவது அபராதம்

ஒரே சிக்னலில் மூன்றாவது அபராதம் வந்ததும் டாக்சி டிரைவர் கொதித்துப்போனார்.

"மஞ்சள்லதான் போறேன் மாப்பிள்ளை. கண்மூடித் திறக்கிறதுக்குள்ள சிவப்பாயிடுது. நாளைக்கே புகார் கொடுக்கிறேன்."

போக்குவரத்துத் துறையில் இன்ஜினியரான மருமகன் அவர் தோளைத் தொட்டான். "வயசாயிடுச்சு மாமா, கண்ணு சரியாத் தெரியலை. யார் மேலயாவது ஏத்திட்டா? வண்டியை வித்துடுங்க. உங்களை நான் பாத்துக்கிறேன்."

பெற்ற மகன்கூட இப்படிச் சொல்லமாட்டான் என்று நெகிழ்ந்தவர், சோறு போட்ட டாக்சியை அந்த வாரமே விற்றார்.

அடுத்த மாதம் மருமகனுக்குப் பதவி உயர்வு. மாமனாரையும் அழைத்துப்போன ஆபீஸ் விருந்தில் மேலதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"அபராத வசூல் ரெண்டு மடங்காயிடுச்சு! நம்ம இன்ஜினியர் மஞ்சள் விளக்கு எரியிற நேரத்தைச் சத்தமில்லாம பாதியாக் குறைச்சார். அவ்வளவுதான்!"

கைதட்டலுக்கு நடுவே மாமனார் எழுந்து வெளியேறினார். மருமகன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"நீங்க புகார் கொடுத்திருந்தா என் வேலையே போயிருக்கும் மாமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வாயை மூடிக்கிட்டிருப்பேனே மாப்பிள்ளை. எனக்குக் கண்ணு தெரியலைன்னு எதுக்குச் சொன்னீங்க?"