எழுபத்தஞ்சும் அறுபதும்

“இவனுக்கு டி.சி. குடுத்துடுங்க மேடம். கடையில உக்காந்து காஜா எடுக்கட்டும்!”

தையல்காரர் போட்ட சத்தத்தில் கல்லூரி அலுவலகமே திரும்பிப் பார்த்தது. கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். பக்கத்தில் மகன், தலையைத் தொங்கப் போட்டபடி.

“என்ன சார் ஆச்சு?” என்றார் கிளார்க் அம்மா.

“இவனும் இவன் அக்காவும் ரெட்டைப் புள்ளைங்க மேடம். அவ அஞ்சு நிமிஷம் மூத்தவ. ஒரே நாள்ல ஆளுக்கொரு காலேஜ்ல சேர்ந்தாங்க. ரெண்டு வருஷத்துல அவ எழுபத்தஞ்சு கிரெடிட் வாங்கிட்டா. தொரை அறுபது! மிச்சப் பதினஞ்சுக்கு எங்கடா ஊர் சுத்தினேன்னு கேட்டா, வாயத் தொறக்க மாட்டேங்கறான்.”

கிளார்க் அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“சார், இங்க நாலு வருஷ டிகிரிக்கு மொத்தமே நூத்தியிருபது கிரெடிட்தான். ரெண்டு வருஷத்துக்கு அறுபது. தம்பி ஒரு பேப்பர்கூட விடல.”

“அப்போ எழுபத்தஞ்சு வாங்கினவ?”

“காலேஜுக்குக் காலேஜ் கணக்கு வேற சார். உங்க டேப்பையே எடுத்துக்குங்க. ஒரே இடுப்புதான். ஒரு பக்கம் முப்பதுன்னு காட்டும், திருப்பிப் பிடிச்சா எழுபத்தாறுன்னு காட்டும். எழுபத்தாறுன்னதும் ஆளு குண்டுன்னு சொல்லிடுவீங்களா?”

தையல்காரர் டேப்பைத் தொட்டுப் பார்த்தார். கோபம் இறங்கி, யோசனை ஏறியது.

“அதானே... அப்போ அவ காலேஜ்ல மொத்தம் எவ்வளவு?”

“காலேஜ் பேரைச் சொல்லுங்க. இப்பவே பாத்துச் சொல்லிடறேன்.” கிளார்க் அம்மாவின் கை கீபோர்டுக்குப் போனது.

பையன் அவசரமாகக் குறுக்கே வந்தான்.

“வேணாம் மேடம்! அவ கெட்டிக்காரி. நான்தான் சோம்பேறி. ஊர் சுத்தினது நெஜம்தாம்ப்பா. இனிமே ஒழுங்காப் படிக்கறேன்.”

“கேட்டீங்களா! அவன் வாயாலயே வந்துடுச்சு!” தையல்காரருக்கு ஜெயித்துவிட்ட திருப்தி. “இந்த ஒரு தடவை விடறேன். கூடப் பொறந்தவளப் பாத்துக் கத்துக்கடா!”

வண்டியை எடுக்க வெளியே போனார்.

கிளார்க் அம்மாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. “ஏம்ப்பா, நான் உனக்காக மல்லுக்கட்டிட்டு இருக்கேன், நீயே உன் தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கறியே?”

“அக்கா காலேஜ்ல டிகிரிக்கு நூத்தியெண்பது மேடம்.” வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “இப்போ அவளுக்குத் தொண்ணூறு இருக்கணும். பதினஞ்சு குறையுது. ஒரு டெர்ம் முழுக்க ஃபெயில்.”

“அதுக்காக? கொஞ்சம் விட்டிருந்தா உன் படிப்பே போயிருக்குமேப்பா!”

“என்னை நிறுத்திடுவேன்னு மிரட்டுவார் மேடம், நிறுத்த மாட்டார். அவளை மிரட்ட மாட்டார், நிறுத்திடுவார்.”