புலி உறுமக் கூடாது

கையில் சுத்தியலோடு முத்துராமன் நூலகத்துக்குள் நுழைந்ததும் சவரியப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

கதை சொல்லிக்கொண்டிருந்த ஆபிதா கப்பென்று வாயை மூடிக்கொண்டாள். சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

இலுப்பூருக்குக் கிளை நூலகம் வந்த புதிது அது. ஐம்பத்தேழாம் வருடம். கடலை கமிஷன் கடை முத்துராமன், தன் வீட்டின் தெருப்பக்கத்து அறையை நூலகத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வீட்டுக்கும் அறைக்கும் நடுவில் இருந்த கதவுக்குக் குறுக்கே அவரே பலகை வைத்து ஆணி அடித்தார். அதற்கு முன்னால் புத்தக அலமாரி வந்து நின்றது. அப்புறம் அந்தக் கதவை யாரும் நினைக்கவில்லை.

நூலகர் சவரியப்பன் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். எடுத்துப்போன புத்தகத்தின் கதையை ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் சொன்னால்தான் அடுத்த புத்தகம். கதை என்றால் சும்மாவா? பேய் வந்தால் அலறுவார்கள். ராஜா வந்தால் கொம்பு ஊதுவார்கள்.

போன ஞாயிறு ஆபிதாவின் கதையில் புலி வந்தது. ஒரு பெண் ஆட்டுக்குட்டியைத் தேடிக் குகைக்குள் நுழைகிறாள். உள்ளே புலி. ஆபிதா உறுமிய உறுமலில் முத்துராமனே வந்துவிட்டார்; கதை பாதியில் நின்றது.

“இது லைப்ரரியா, மாட்டுச் சந்தையா? மனுசன் செத்த நேரம் கண்ணசர முடியல. இது என் வீடு, ஞாபகம் இருக்கட்டும். இனிமே சத்தம் கேட்டுச்சு, காலி பண்ணிக்கிட்டுப் போயிருங்க!”

சவரியப்பன் அத்தோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

“ஒங்க மக அமராவதி இங்க வந்துக்கிட்டிருந்தப்ப அவதாங்க எல்லாரையும் விட நல்லா கதை சொல்லுவா. பள்ளிக்கூடந்தான் நிறுத்திட்டீங்க. இங்கயாச்சும் அனுப்புங்களேன்.”

“வயசுக்கு வந்த புள்ளை சார். வீட்டை விட்டு வெளிய அனுப்ப மாட்டேன். நான் ஒருக்கா சொன்னா சொன்னதுதான்.”

சொன்ன சொல் மாறாதவர் என்று கடைத்தெருவில் அவருக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற பெற்ற மகளையே பூட்டி வைக்கிறாரே என்று சவரியப்பனுக்கு ஆத்திரமாக வந்தது. வாடகை வீட்டில் இருப்பவர் ஆத்திரப்பட்டு என்ன ஆகப்போகிறது?

அதனால்தான் இன்றைக்கு எல்லாமே குசுகுசுப்பு. “புலி உறுமக் கூடாது, சரியா?” என்று சொல்லித்தான் ஆபிதாவையே ஆரம்பிக்க விட்டார். புலியும் பாவம், காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்தது.

இப்போது சுத்தியல்.

“ஐயா, இன்னைக்குச் சத்தியமா சத்தமே போடலீங்க. வேணும்னா பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்க.”

“அதான் தெரியுதே” என்றார் முத்துராமன் கடுகடுவென்று. “அந்த அலமாரியை இங்கிட்டு நகத்துங்க.”

“ஒரு மாசம் டயம் குடுங்கய்யா. மேலாபீசுக்கு எழுதிப் போட்டு வேற எடம்...”

“பேசிக்கிட்டே நிக்காம அந்தப் பக்கம் பிடிங்க சார்!”

புத்தகங்களை இறக்கி வைத்துவிட்டு அலமாரியை நகர்த்தினார்கள். ஆபிதா கையிலிருந்த புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“சார், நம்ம லைப்ரரிய மூடப்போறாங்களா?”

சவரியப்பன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். பார்த்துப் பார்த்துச் சேர்த்த பிள்ளைகள்.

முத்துராமன் நெம்பி நெம்பி ஆணிகளைப் பிடுங்கினார். பலகை கழன்று விழுந்தது. கதவை இழுத்துத் திறந்தார்.

கதவோடு காதை வைத்து உட்கார்ந்திருந்த அமராவதி, தடுமாறிக் கையை ஊன்றிக்கொண்டாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

“அமராவதி அக்கா!” பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். யாரும் அதட்டவில்லை.

“காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல சார் இவ” என்றார் முத்துராமன். “ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இந்தக் கதவுகிட்டயே கெடந்திருக்கா. எனக்குத் தெரியாமப் போச்சு. குகைக்குள்ள போன பொண்ணு தப்பிச்சாளா இல்லையான்னு கேக்கணுமாம். இன்னைக்கு ஒண்ணுமே காதுல விழலையாம்.”

சவரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பும் வந்தது.

“அப்ப, வீட்டை விட்டு வெளிய அனுப்ப மாட்டேன்னு சொன்னீங்களேய்யா?”

“இப்பவும் அதேதான் சொல்றேன்” என்று முறைத்தார் முத்துராமன். “இதுவும் என் வீடுதானே சார்?”