நிறையாத பொந்து

“மலைச்சரிவு சரியாம இருக்கக் கம்பி அடிச்சு என்ன பிரயோஜனம்? அடியில பூரா பொந்து. வேலையை நிறுத்துங்க!” என்று கத்தினார் இன்ஜினியர்.

“நிறுத்தினா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்,” என்றார் கான்ட்ராக்டர். “சிமெண்டுப் பாலை ஊத்தி அடைச்சுட்டாப் போச்சு.”

“முடியாது. நேத்து இதுக்குள்ள சிவப்புச் சாயம் கரைச்சு விட்டேன். அது எங்க போய் வெளிய வந்திருக்கு தெரியுமா? உங்க—”

கடப்பாரை அவர் மண்டையில் இறங்கியது. விழுந்தவர் மேல் மறுபடியும் இறங்கியது. கையில் வைத்திருந்த மஞ்சள் ஹெல்மெட் உருண்டது. அதில் ஒட்டியிருந்த பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் மேல் ரத்தம் தெறித்தது. காலைப் பிடித்து இழுத்து உடலைப் பொந்துக்குள் தள்ளினார் கான்ட்ராக்டர். ஹெல்மெட்டையும் உள்ளே எட்டி உதைத்தார்.

சாப்பிட்டுவிட்டு வந்த பம்ப்காரர் கேட்டார், “இன்ஜினியர் எங்க சார்?”

“கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டார். நீ ஊத்து.”

லாரி லாரியாக ஊற்றினார்கள். சாயங்காலம் பம்ப்காரர் தலையைச் சொறிந்தார். “என்ன சார் இது, ஊத்த ஊத்தக் குடிச்சுக்கிட்டே இருக்கு?”

கான்ட்ராக்டரின் போன் அடித்தது. அடிவாரத்து வீட்டிலிருந்து மனைவி.

“என்னங்க, காலையில நம்ம கிணத்துத் தண்ணி சிவப்பா இருந்துச்சு. எங்கண்ணன்கிட்ட சொன்னேன். ‘பயப்படாத, நான் ஊத்தின சாயம்தான். மாப்பிள்ளைகிட்ட பேசி வேலையை நிறுத்திடறேன்’னான். இப்ப என்னடான்னா கிணறு பூரா சிமெண்டு பொங்குது!”

கான்ட்ராக்டர் பொந்தை எட்டிப் பார்த்தார்.

“அது மேல ஒரு ஹெல்மெட் மிதக்குதுங்க. நம்ம பாப்பா அவ மாமாவுக்கு ஒட்டிவிட்ட பட்டாம்பூச்சி அதுல இருக்கு. அண்ணன்கிட்ட கொஞ்சம் போனைக் குடுங்க.”