கீழ்க்கட்டில்

அறைக்குள் கால் வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கீழ்க்கட்டில் போய்விட்டது.

இரண்டடுக்கு இரும்புக் கட்டில். கீழே மெத்தை போட்டு, பூப்போட்ட விரிப்பை மூலைக்கு மூலை செருகியிருந்தார்கள். விரிப்பின் மேல், தலையில் ஈரத் துண்டு சுற்றிய ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேலே வெறும் பலகை. ஏறிப்போக ஒரு கம்பி ஏணி.

முதலில் வருகிறவர்கள் பிடித்த கட்டிலை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்தக் கல்லூரி விடுதியின் வழக்கம். வாசலிலேயே வார்டன் சொல்லிவிட்டார். தரையில் பாய் விரிக்கக் கூடாது, மழைக்காலத்தில் ஈரம் ஊறும் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

இவர்களும் முதலில் வந்திருக்கலாம். பெட்டி, வாளி, மெத்தை எல்லாம் காலையிலேயே தயார். அம்மாதான் ராகுகாலம் கழியாமல் படியிறங்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மகளுக்கு ஒரு கெடுதலும் வந்துவிடக் கூடாதாம். நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டார்கள். நல்லபடியாக வந்தும் சேர்ந்தார்கள். மேல்கட்டில்தான் மிச்சம்.

அவள் ஏணியைப் பார்த்தாள். பிறகு சிமெண்டுத் தரையைப் பார்த்தாள்.

அவளுக்கு வலிப்பு உண்டு.

மாதக்கணக்கில் வராது. வந்தால் தூக்கத்தில்தான் வரும். கடைசியாக வந்தபோது கட்டிலிலிருந்து விழுந்து தோள்பட்டை நழுவிவிட்டது. அது முழங்கால் உயரக் கட்டில். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குப் பாய்தான். உயரத்தில் படுக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

யாரிடமும் சொல்லவே கூடாது என்று அம்மா அதைவிடக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் வழிநெடுக, காதோரமாக அதே பேச்சு. விஷயம் வெளியே போனால் நாளைக்கு எவன் பெண் கேட்டு வருவான்? மாத்திரைகளைக்கூடச் சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றித்தான் கொடுத்திருந்தாள்.

அம்மா முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"அக்கா, எம்பொண்ணுக்கு ஒசரம்னா பயம். கீழ விட்டுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"போகப் போகப் பழகிரும்" என்றாள் அந்த அம்மாள், அடுத்த கவளத்தை உருட்டியபடி.

"முழங்கால் வலி வேற இருக்கு."

"இந்த வயசுலயா?"

"ராத்திரி அடிக்கடி எந்திரிப்பா. ஏறி எறங்குனா ஒங்க பொண்ணு தூக்கம்ல கெட்டுப்போகும்."

பாவம், அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. ஒன்று போதாதென்று இன்னொன்றைச் சொல்லி, முதலில் சொன்னதையும் கெடுத்துக்கொள்வாள். கவளம் பாதி வழியில் நின்றது. அந்த அம்மாளின் பார்வை அவளை உச்சந்தலையிலிருந்து பாதம்வரை ஒருமுறை தடவிவிட்டுப் போனது.

"எம்பொண்ணு மட்டும் என்ன, ஏணியிலயா பொறந்தா? முன்னாடி வந்தோம், புடிச்சோம். அம்புட்டுத்தான்."

அந்தப் பெண் தலையைத் தூக்கவே இல்லை.

அம்மாவிடம் பொய்கள் தீர்ந்துவிட்டன. மெத்தையை எடுத்து மேல்கட்டிலுக்கு ஏற்றத் தொடங்கினாள். மெத்தை பாதி ஏறி, சரிந்து சரிந்து வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே மகளின் பக்கம் சாய்ந்தாள்.

"ராத்திரி துப்பட்டாவ எடுத்து இடுப்போட கம்பியில கட்டிக்க. வெளிய தெரியாதபடிக்கு, போர்வைக்குள்ள."

தொழுவத்தில் மாட்டைக் கட்டுகிற மாதிரி. தினமும். மூன்று வருஷம்.

அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த அம்மாளின் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா, எனக்கு வலிப்பு வரும். தூங்கும்போது வரும். மேல படுத்தா விழுந்துருவேன்."

அம்மா திரும்பவில்லை. மெத்தையைத் தாங்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அந்த அம்மாள் டிபன் டப்பாவை மூடினாள். கை கழுவிவிட்டு வந்தாள். விரிப்பை உருவி மடித்தாள். மெத்தையைச் சுருட்டினாள்.

இவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இவ்வளவுதானா? முதலிலேயே சொல்லியிருந்தால் ஆயிற்று. மனுஷர்கள் நல்லவர்கள்தான்.

சுருட்டிய மெத்தை மேலே ஏறவில்லை. கதவுப் பக்கம் போனது.

"வினோ, எந்திரி. வார்டன்ட்ட சொல்லி வேற ரூம் வாங்கிக்கிடுவோம். நமக்கெதுக்கு வம்பு."

வினோதினி எழுந்தாள். பையை எடுத்தாள். வாளியை எடுத்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அம்மாவின் கை தளர்ந்தது. மேலே ஏறாத மெத்தை, காலியாகிவிட்ட கீழ்க்கட்டிலில் பொத்தென்று விழுந்தது.

"கெடுத்துக்கிட்டியேடி."

அவ்வளவுதான் சொன்னாள். அடித்திருந்தால் தேவலாம்.

சாயங்காலத்துக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும். சாப்பாட்டு வரிசையில் இவள் நின்றால் முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் இடம் விடுவார்கள். வார்டன் யாரை இங்கே அனுப்பினாலும் அந்தப் பெண் ஒரு காரணம் சொல்லி நழுவுவாள். கீழ்க்கட்டில் கிடைத்துவிட்டது. இனி அறையில் அவள் ஒருத்திதான். ராத்திரி விழுந்தாலும் விழாவிட்டாலும் பார்க்க ஆள் இல்லை.

வாசற்படியில் வினோதினி நின்றாள்.

வராந்தாவில் அவளுடைய அம்மாவின் செருப்புச் சத்தம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

வாளியைக் கீழே வைத்தாள். திரும்பி உள்ளே வந்தாள். தலையில் சுற்றியிருந்த ஈரத் துண்டை அவிழ்த்தாள். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாக இடம் பிடிக்கிறவர்கள் வீசுவது போல, மேல்கட்டிலை நோக்கி வீசினாள். எட்டிப் பார்த்தாள். சரியாக நடுவில் விழுந்திருந்தது.

"இந்தா வந்துட்டேம்மா" என்று வராந்தாவைப் பார்த்துக் கத்திக்கொண்டே, ஈரக் கூந்தலோடு வெளியே ஓடினாள்.